பவளக் கல்லும் புதுத் தொட்டியும்

கேள்வி: கடல்நீர் மீன் தொட்டி அமைக்கிறேன். ராமேஸ்வரம் அருகே மண்டபம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கற்களைப் போடலாமா? மீன்களை எப்போது விடலாம்?

பதில்: கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள், கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடைகளில் கிடைக்கும், செயற்கையாக வார்த்த உலர் பாறையே போதும். அளவுக்குக் கனம் குறைந்து, நுண்துளைகள் நிறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடியேறுவது அத்துளைகளில்தான்.

உப்புநீரின் ஒப்படர்த்தியை (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் வைத்து, பாக்டீரியாக் கரைசலுடன், அவற்றுக்கு உணவாக 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அம்மோனியா சேர்த்தால், அது முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறும். இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இடையில் பாறைமேல் பழுப்புப் படலம் படர்வது இயல்பு, சுரண்ட வேண்டியதில்லை. மீண்டும் அதே அளவு அம்மோனியா இட்டு, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால், நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம். சட்டப்படி வாங்கக்கூடிய உயிர்ப் பவளங்களை வளர்க்க நினைத்தால், இன்னும் சில மாதங்கள் பொறுத்திருங்கள்.