தலையசைத்தால் ‘ஆமாம்’ என்று அர்த்தமா?

கேள்வி: பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. ‘வலி இருக்கா?’ என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறார். ராத்திரி முழுக்க முனகுகிறார். எதை நம்புவது?

முனகலை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு மொழி குலைந்தவர்கள் (அஃபேசியா) ‘ஆமாம்’ என்று நினைத்து ‘இல்லை’ என்று தலையாட்டிவிடுவது உண்டு. கேள்வி பாதிதான் புரிந்தாலும் மரியாதைக்குத் தலையசைப்பவர்களும் உண்டு. ஆகவே வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவருடைய ஆமாம்–இல்லையைச் சோதியுங்கள்.

விடை உங்களுக்கே தெரிந்த 6 கேள்விகள் போதும்: ‘இது ஆஸ்பத்திரியா?’, ‘நான் உங்க தங்கச்சியா?’ என்பது போல. 3 கேள்விக்கு ஆமாம், 3 கேள்விக்கு இல்லை, வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். ஆறும் சரியாக வந்தால் தலையசைப்பை நம்பலாம். ஒன்று தவறினாலும் தலையசைப்பை விட்டுவிட்டு, சரிக்குறியும் பெருக்கல் குறியும் பெரிதாகப் போட்ட அட்டையைத் தொட்டுக்காட்டச் சொல்லி மறுபடி கேளுங்கள். காலையில் சரியாகச் சொன்னவர் மாலைக் களைப்பில் தவறுவார். சம்மதக் கையெழுத்து போன்ற பெரிய விஷயம் என்றால் அப்போதே மீண்டும் சோதிக்க வேண்டும்.

வலிக்கு 0 முதல் 10 வரை கோடு காட்டுவார்கள். அதைப் படுக்கைவாட்டில் காட்டாமல், செங்குத்தாக 10 மேலே வரும்படி காட்டச் சொல்லுங்கள். இடப்பக்க மூளை பாதித்தவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வை போயிருக்கும். படுக்கைக் கோட்டில் 10 இருக்கும் முனையே அவர்கள் கண்ணில் படாது. எவ்வளவு வலித்தாலும் 3, 4 என்றுதான் காட்டுவார்கள்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். அவசரப்பட்டு வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டால், அவர் முதலிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். ‘தலை, நெஞ்சு, வயிறு’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினால் சுட்டுவது சுலபம். தலையைச் சுட்டினால், ‘அப்போ வயிறு வலிக்குதா?’ என்று எதிர்ப்பக்கமாகவும் கேட்டு உறுதி செய்யுங்கள். சத்தம் போட்டுப் பேச வேண்டாம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கலாம்.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தொண்டையில் குழாய் போட்டுப் பேச முடியாதவர்களிடம், சொல்ல நினைப்பதைக் காட்ட டேப்லெட் (தொடுதிரைக் கணினி) கொடுத்தால் தள்ளிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குப் போன பையில் இருக்கும். மருத்துவர் அனுமதித்தால் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துங்கள். ட்ரிப்ஸ் ஊசி எழுதும் கையில் இருந்தால் அடுத்த முறை மறுகையில் போடச் சொல்லுங்கள். அதற்கும் மேல், நோயாளி குழம்பிய நிலையில் (டெலிரியம்) இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் எந்தப் படப்பலகையும் அந்த நேரத்தில் சரியாக எடுபடாது.

டேப்லெட்டைவிட ஏ4 அட்டை மேல். 40 படங்களை அடைக்காதீர்கள், 12 போதும்: வலி, மூச்சு முட்டுகிறது, சளி எடுக்கணும், வாய் உலர்கிறது, திரும்பணும், குளிர், புழுக்கம், கழிப்பறை, பயம், வீட்டார், மணி என்ன. பன்னிரண்டாவது ‘நான் சொல்ல வந்தது இதில் இல்லை’. பலரும் விட்டுவிடும் கட்டம் இதுதான். அது இல்லாவிட்டால் நோயாளி கிடைத்த படத்தைத் தொட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் எதிரடிக்கும்.

கை அசையாதவருக்கு நீங்களே வரிசை வரிசையாக வாசியுங்கள். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை என்று வைத்தால் இயல்பான இமைப்பு குழப்பிவிடும். எழுத்துப் பலகைக்கு 247 எழுத்தும் தேவையில்லை. 18 மெய், 12 உயிர், ஆய்தம் போதும். முதலில் ‘க்’, பிறகு ‘ஆ’: ‘கா’ வந்ததும் காலா, காதா, காற்றா என்று ஊகித்துக் கேளுங்கள், மீதியை எழுத்துக்கூட்ட வைக்காதீர்கள்.

அழைப்பு மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் ‘என்ன வேணும்?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘பேச இயலாதவர், நேரில் செல்லவும்’ என்று செவிலியர் மேசையில் அந்தப் படுக்கை எண்ணுக்கு நேரே ஒட்டிவையுங்கள்.

கேள்வி: காது கேளாத தம்பதிக்கு 12 வயது மகள்தான் சைகையில் மொழிபெயர்க்கிறாள். போதாதா?

போதாது. கெட்ட செய்தியைக் குழந்தை மறைக்கும், மருந்தளவை மாற்றிச் சொல்லும். எழுதிக் காட்டினாலும் தீராது: சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, எழுத்து மொழி அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் மருத்துவரின் பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்த்தே பேச வேண்டும். ஜன்னல் மருத்துவருக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். முகபாவமும் சைகை இலக்கணத்தில் சேர்த்தி என்பதால் மொழிபெயர்ப்பாளரின் முகக்கவசம் முகம் தெரியும்படி ஒளிபுகக்கூடியதாக இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் காதுக் கருவியைக் கழற்றியே ஆக வேண்டும். ‘மூச்சைப் பிடி’ என்பதற்குக் காலில் ஒரு தட்டு, ‘விடு’ என்பதற்கு இரண்டு தட்டு என்று உள்ளே போவதற்கு முன்பே பேசிவையுங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைச் சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் கருவி) இருப்பவர் அதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.