துப்பாக்கி யார் கையில்? – வாசகர் வினா விடை

இம்மாதம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த வினாக்களில் மூன்று ஒரே நாவலைப் பற்றியவை. வோல்டர் டீன் மயர்ஸ் எழுதி 1988இல் வெளிவந்த 'ஸ்கோர்பியன்ஸ்', அதாவது 'தேள்கள்', என்னும் இளையோர் நாவலின் பிரதி ஒன்று அங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது போலும். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் தாயோடும் தங்கையோடும் வாழும் ஜமாலுக்கு வயது 12. கொலை வழக்கில் சிறையிலிருக்கும் அவனுடைய அண்ணனின் மேன்முறையீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறது. அண்ணன் நடத்திய 'தேள்கள்' என்னும் தெருச் சண்டியர் குழுவுக்கு இனி நீதான் தலைவன் என்று அண்ணனின் கூட்டாளி மாக் வந்து சொல்லி, ஒரு கைத்துப்பாக்கியையும் கொடுக்கிறான். தேளுக்கு மணியம் கொடுத்த கதை நமக்குத் தெரியும். இது தேள்களுக்கு ஒரு குழந்தையை மணியமாக்கிய கதை.

வினா: உயர்தர மாணவர்களுக்கு இந்நாவலை அறிமுகப்படுத்தினேன். கதைக்களம், பாத்திரம், முரண், குறியீடு, கருப்பொருள் என்று ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதித் தந்துவிட்டார்கள். ஒன்றும் பிழையில்லை. ஆனால் நாவல் அவர்களுடைய விடைத்தாளில் இல்லை. எப்படிக் கற்பிப்பது?
– ஆசிரியை ஒருவர், உவர்மலை

விடை: முடிவைச் சொல்லாமல் இதற்கு விடை எழுத இயலாது, வாசிக்க எண்ணியிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மாணவர்களிடம் ஒரேயொரு வேலையைக் கொடுங்கள். அந்தத் துப்பாக்கி எந்தப் பக்கத்தில் யார் கையில் இருக்கிறது, அப்போது ஜமால் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாடசாலையில் தன்னைச் சீண்டும் டுவெயினுக்கு முன்னாலும், குழுவில் தன் தலைமையை ஏற்க மறுக்கும் மூத்த பையன்களுக்கு முன்னாலும், அதிபருக்கு முன்னாலும் தான் சிறியவன் என்ற எண்ணம் ஜமாலை விடுவதேயில்லை. துப்பாக்கியைக் கையில் எடுத்த நேரத்தில் மட்டும் மற்றவர்களின் கண்ணில் பயம் தெரிகிறது; அந்தப் பயத்தை அவன் மதிப்பு என்று எண்ணிக்கொள்கிறான். பாத்திர வளர்ச்சி என்று நீங்கள் கரும்பலகையில் எழுதுவது இந்த மயக்கம் மெல்ல மெல்ல முற்றுவதைத்தான். அகமுரணும் புறமுரணும் வேறு வேறு இடங்களில் நடப்பவையல்ல. அதே பொருளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்க்கும் கணத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

துப்பாக்கி ஜமாலின் கையோடு நின்றுவிடுவதுமில்லை. அவனுடைய உயிர்த்தோழன் டீட்டோ, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவன், பாட்டியோடு வாழ்பவன், இயல்பிலேயே சாதுவானவன். நட்புக்காக அதைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துப் பாட்டியின் கண்ணில் பட்டு அகப்படுகிறான். கடைசியில் இரவுநேரப் பூங்காவில் மூத்த பையன்கள் ஜமாலைத் தாக்கும்போது சுடுகிறவனும் அவன்தான். சண்டியனாக வேண்டும் என்று ஒருபோதும் எண்ணாத பிள்ளையின் விரல் விசையில் போய் நிற்கிறது. அதன்பின், சுட்டது தானே என்று மாக் பெருமையடிக்கிறான். சுட்டவனோ குற்றவுணர்வால் நோயாளிபோல் ஆகிவிடுகிறான். முரண்நகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் தேடித் தரத் தேவையில்லை. டீட்டோவிடம் துப்பாக்கி போன இடத்துக்குத் திரும்பிச் சென்று வாசித்தால் முன்னுணர்த்தல் என்பதும் அங்கேயே கிடக்கும்.

கதைக்களத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஹார்லெம், நியூயோர்க்' என்று எழுதினால் அது முகவரி மட்டுமே. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உரிப்பொருளாகிய ஒழுக்கம் அவற்றுக்குப் பொருந்தியே நிகழும். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் பாலையைத் தனி நிலமாகக் கூறாமல், முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பை இழந்து கொள்ளும் வடிவமாகக் கூறுவதை உங்கள் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். இந்நாவலின் தெருவை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அங்கே கடை உண்டு, பாடசாலை உண்டு, கோவிலுக்குப் போகிறவர்களைப் போலவே தேவாலயத்துக்குப் போகும் தாய்மாரும் உண்டு. தந்தை வீட்டில் இல்லை, வேலை நிலைப்பதில்லை, பாடசாலை பிள்ளையைத் தொல்லையாக மட்டும் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாக வற்றிய பிறகே தெரு பாலையாகிறது.

ஜமாலும் டீட்டோவும் ஆற்றங்கரைக்குப் போய், கட்டிக்கிடக்கும் படகுகளைப் பார்த்துக் கனவு காணும் பகுதிகளில் திருகோணமலைப் பிள்ளைகள் தடுமாறக்கூடும். உட்துறைமுக வீதியால் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்குக் கடல் அன்றாடக் காட்சி. திருக்கடலூரில் வளர்கிற பிள்ளைக்கு வள்ளம் என்றால் விடியற்காலை, வலை, எரிபொருட் கடன். அந்தப் படகுகளோ பிறருடைய ஓய்வுக்கானவை. அந்த இரு சிறுவர்களும் கரையிலிருந்து பார்க்கலாம், ஏற முடியாது. இந்த வேறுபாட்டை வகுப்பில் பேசினால் குறியீடு என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டியிராது.

வினா: ஜமாலே 'நான்' என்று கதையைச் சொல்லியிருந்தால் இன்னும் நெருக்கமாக இருந்திருக்குமே! ஆசிரியர் ஏன் படர்க்கையில் எழுதினார்?
– மாணவர் ஒருவர், பாலையூற்று

விடை: படர்க்கைதான், ஆனால் எல்லாம் அறிந்த படர்க்கையன்று. ஜமால் பார்க்காத எதையும் நாம் பார்ப்பதில்லை. அவனுக்கு விளங்காதது நமக்கும் விளக்கப்படுவதில்லை. அதேவேளை 'அவன்' என்ற சொல் ஒரு முழ இடைவெளியை விட்டுவைக்கிறது. 'நான்' என்று சொல்லும் 12 வயதுப் பிள்ளை தன் செயலுக்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடும், நாமும் அதை நம்பிவிடுவோம். இங்கே அவனோடு நடந்துகொண்டே, 'வேண்டாம் தம்பி' என்று மனதுக்குள் சொல்லவும் நமக்கு இடம் கிடைக்கிறது. ஆசிரியர் உபதேசம் செய்யாமல் தப்பித்ததும் இந்த உத்தியால்தான். இளையோருக்கான நம் கதைகளில் இறுதிப் பந்தியில் ஒரு பெரியவர் வந்து அறிவுரை கூறும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

நீங்கள் கேட்கும் நெருக்கத்தையும் இதே ஆசிரியர் பின்னர் முயன்றிருக்கிறார். 1999இல் வந்த 'மொன்ஸ்டர்' நாவலில், வழக்கை எதிர்கொள்ளும் 16 வயது இளைஞன் தன் கதையை நாட்குறிப்பாகவும் திரைக்கதையாகவும் மாறி மாறி எழுதுகிறான். அங்கே அவன் சொல்வதை எவ்வளவு நம்புவது என்பதே நாவலின் சிக்கலாகிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

வினா: இதைத் தமிழில் பெயர்க்க விரும்புகிறேன். ஹார்லெம் தெருப் பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது?
– வாசகர் ஒருவர், கின்னியா

விடை: சினிமாவில் கேட்ட சென்னைத் தமிழை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஹார்லெம் பையன்கள் உடனே நகைச்சுவை நடிகர்களாகிவிடுவார்கள். கதைசொல்லலை எழுத்துத் தமிழிலும் உரையாடலை உங்கள் ஊர்ப் பேச்சிலும் எழுதலாம், ஆனால் ஊர் அடையாளம் துருத்தாத அளவுக்கு மட்டும். டீட்டோ தன் பாட்டியை அழைக்கும் 'அபுவேலா' என்ற ஸ்பானியச் சொல்லை அப்படியே விடுங்கள். அம்மம்மாவா அப்பம்மாவா என்று தமிழ் கேட்கும் கேள்வியை மூலம் கேட்கவில்லை. மேலும், ஆங்கிலத்துக்கு நடுவே வேற்றுமொழிச் சொல்லாக ஒலிப்பதே அதன் பயன்.

மிகக் கடினமான சொல் துப்பாக்கிதான். பேச்சில் நாம் 'துவக்கு' என்போம். ஆனால் நம் மாவட்டத்தில் அச்சொல்லைக் கேட்டதும் சீருடையும் சோதனைச்சாவடியும் நினைவுக்கு வரும். ஜமாலிடம் இருப்பது சட்டைக்குள் மறையும் சிறு பொருள். பையன்களின் வாயில் அது 'பிஸ்டல்' ஆக இருக்கட்டும், கதைசொல்லியின் வாயில் 'துப்பாக்கி'. பாட்டி அதைக் கண்டெடுக்கும் இடத்தில் மட்டும், ஒரேயொரு முறை, 'துவக்கு' என்று எழுதிப் பாருங்கள்.