கோடு விழுந்த இடம்

வீட்டுத் திரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் 'தி திங்' படத்தைப் பற்றி நாலு வரி எழுதி, வீட்டில் பார்த்துவிட்டுக் கடிதம் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1982-ல் வந்த அறிவியல் புனைகதைப் படம். வந்த புதிதில் அமெரிக்க விமர்சகர்கள் கரித்துக்கொட்டிய படம். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பாதிப் பேருக்குப் பிடித்திருக்கிறது, பாதிப் பேர் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். இந்த மாதம் முழுப் பக்கத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம், 12 ஆண்கள். பனியில் ஒரு நாய் ஓடிவருகிறது. ஹெலிகாப்டரில் துரத்திவரும் நார்வேக்காரர்கள் அதைச் சுடுகிறார்கள். நாய் தப்பி முகாமுக்குள் வந்துவிடுகிறது. அது நாய் இல்லை, வேற்றுக்கிரகத்து உயிர். எந்த உயிரைத் தொற்றுகிறதோ அதைப் போலவே அச்சு அசலாக மாறிவிடும். 12 பேரில் யார் மனிதர், யார் 'அது'? இதுதான் படம். முடிவையும் பேசப்போகிறேன், அதனால் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். நாய்க்கூண்டுக் காட்சிக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. இதை எப்படி நல்ல படம் என்று எழுதினீர்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

முன்னாலேயே எச்சரித்திருக்க வேண்டும் அம்மா. அது என் தவறு, மன்னிக்க வேண்டும். உங்களுக்கு வந்த அதே குமட்டல்தான் அன்றைய விமர்சகர்களுக்கும் வந்தது. நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி இதைக் குப்பை என்றே எழுதினார். ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்தார். வயிற்றைப் புரட்டுவதில் படம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் மனிதர்களை மேலோட்டமாகத்தான் காட்டியிருக்கிறது என்பது அவருடைய குறை.

ஆனால் அந்தக் கூண்டில் நீங்கள் பார்த்த எதுவும் கம்ப்யூட்டரில் செய்ததில்லை. ரப்பர், நுரை, கம்பி, கொழகொழப்புக்கு என்னென்னவோ பிசின்கள், அப்புறம் திரைக்குப் பின்னால் நின்று இழுக்கும் மனிதக் கைகள். இந்த உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு வேலை தொடங்கும்போது வயது 22. ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வேலை செய்து, ஸ்டுடியோவிலேயே படுத்து எழுந்து, உடம்பு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலைச் சுமை தாங்காததால், நாய்க்கூண்டு உருவத்தை மட்டும் அதே தொழிலில் இருந்த ஸ்டான் வின்ஸ்டன் செய்துகொடுத்தார். அந்தப் பையனின் உழைப்புக்கு வரவேண்டிய பெயரில் தான் பங்கு கேட்கக் கூடாது என்று, நன்றி சொல்லும் வரிசையில் மட்டும் தன் பெயர் வந்தால் போதும் என்றார் வின்ஸ்டன். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

பிடிக்காவிட்டால் தொடர்ந்து பார்க்க வேண்டாம். வீட்டில் பார்ப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

விமர்சகர்கள் எல்லோரும் சேர்ந்து ஏன் இப்படித் தவறு செய்தார்கள்?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

நேர்மையாகத்தான் எழுதினார்கள் தம்பி, ஆனால் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார்கள். அது எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். படம் வெளியானது 1982 ஜூன் 25. சரியாக இரண்டு வாரத்துக்கு முன், ஜூன் 11-ல், 'ஈ.டி.' வந்திருந்தது. இரண்டையும் வெளியிட்டது ஒரே யுனிவர்சல் நிறுவனம்தான். வேற்றுக்கிரகத்தான் என்றால் குழந்தைகள் கட்டிப்பிடித்து அழுகிற ஜீவன் என்று ஊரே உருகிக்கொண்டிருந்த நேரத்தில் கார்ப்பென்டர் இப்படி ஒரு படத்தை இறக்கினார். அதே ஜூன் 25-ல்தான் 'பிளேடு ரன்னர்' படமும் வந்தது, அதற்கும் அன்று நல்ல பெயர் கிடைக்கவில்லை.

முடிவும் ஒரு காரணம். கடைசியில் முகாமின் ஹெலிகாப்டர் ஓட்டி மெக்ரெடி, மெக்கானிக் சைல்ட்ஸ் இரண்டு பேர் மட்டும் எரியும் முகாமின் முன் உட்கார்ந்திருப்பார்கள். இருவரில் ஒருவர் 'அது'வாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டியபோது ஓர் இளம்பெண் எழுந்து, கடைசியில் யார் நல்லவர் என்று கேட்டாராம். நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றிருக்கிறார் கார்ப்பென்டர். எனக்கு அதுதான் சுத்தமாகப் பிடிக்காது என்றாராம் அந்தப் பெண். கார்ப்பென்டரே சொன்ன சம்பவம் இது.

ஒன்றரைக் கோடி டாலர் செலவு. அமெரிக்கத் தியேட்டர்களில் வசூல் இரண்டு கோடியைத் தொடவில்லை. இசையமைத்த என்னியோ மோரிகோனேக்கு, மோசமான சினிமாவுக்குக் கொடுக்கும் ராஸி விருதுக்கான பட்டியலில் இடம் கிடைத்தது. இந்தப் படத்துக்காக எழுதிப் பயன்படாமல் போன அவருடைய இசையில் கொஞ்சம் பின்னாளில் 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்தில் சேர்ந்தது. 2016-ல் அந்தப் படத்தின் இசைக்குத்தான் அவருக்கு ஆஸ்கர் வந்தது. கார்ப்பென்டர் பட்ட அடிதான் பெரிது. அடுத்துக் கையில் இருந்த ஒரு படமும் அவரை விட்டுப் போனது.

நீங்கள் முதன்முதலில் எங்கே, எப்படிப் பார்த்தீர்கள்?
(வாசகர், சேலம்)

1988-ல், திருச்சியில். தியேட்டரில் இல்லை. என் அண்ணன் தில்லைநகரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். டெக் (கேசட்டை ஓட்டும் பெட்டி), கலர் டிவி, மூன்று கேசட் என்று ஒரு ராத்திரி வாடகைக்குப் போகும். கல்லூரி விட்டு வந்ததும் திரும்பி வந்த கேசட்டுகளை ரீவைண்ட் செய்து, ஓட்டிப் பார்த்து அலமாரியில் வைப்பது என் வேலை. இந்தக் கேசட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'திங், பேய்ப் படம்' என்று எழுதியிருந்தது.

கேசட்டை நிறுத்திவைத்தால் டேப் நகராது, ஆனால் டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தை உரசும். பல பேர் ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அங்கே பூச்சு தேய்ந்து படத்தில் வெள்ளைக் கோடு விழும். தமிழ்ப் படக் கேசட் என்றால் பாட்டில் விழும், சண்டையில் விழும். எந்த இடத்தில் கோடு என்று பார்த்தே வாடகைக்கு எடுத்தவர்களுக்கு எது பிடித்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் படத்தில் கோரமான இடங்களில்தான் கோடு இருக்கும் என்று நினைத்தேன். அங்கெல்லாம் சுத்தமாக இருந்தது. முதல் கோடு விழுந்த இடத்தில் ஒன்றுமே நடக்காது. ஆள் இல்லாத நடைபாதையில் அந்த நாய் மெதுவாக நடந்துவரும். ஓர் அறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். உள்ளே சுவரில் ஒரு மனிதனின் நிழல். தலை திரும்பும். நாய் உள்ளே போகும். அவ்வளவுதான். முகாமில் முதலில் தொற்றிக்கொண்டவர் யார் என்பதற்கு இந்த நிழல் ஒன்றுதான் தடயம்.

எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்யும் ஒருவர் இந்தக் கேசட்டை மூன்று முறை எடுத்துப் போனார். நிழலின் முடியைப் பார், அது பால்மர்தான் என்பார். வங்கியில் வேலை பார்த்த இன்னொருவர், இல்லை, நாரிஸ் என்று கடை வாசலில் நின்று வாதாடுவார். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். வசனம் முழுக்கப் புரியவில்லை, ஆனால் யார் எந்த நேரத்தில் எந்த அறையில் இருந்தார் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பல வருடம் கழித்துத்தான் எனக்கு விடை தெரிந்தது. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றே, 12 நடிகர்களில் ஒருவரையும் வைக்காமல் ஒரு ஸ்டண்ட் கலைஞரின் நிழலை எடுத்திருக்கிறார் கார்ப்பென்டர். அவர்கள் இருவரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இரண்டாவது கோடு ரத்தப் பரிசோதனைக் காட்சியில். எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் சின்னக் கண்ணாடித் தட்டில் எடுத்து, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டுப் பார்ப்பார் மெக்ரெடி. 'அது'வின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், சுட்டால் தப்பிக்கப் பார்க்கும் என்பது அவருடைய யோசனை. ஒரு தட்டு, சுர்ரென்ற சத்தம், ஒன்றுமில்லை. அடுத்த தட்டு. நம் கவனம் வேறு ஆளின் மேல் இருக்கும்போது பால்மரின் ரத்தம் துள்ளிக் குதிக்கும். அதற்கு முந்தைய நொடியில் பால்மர் முகத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் பின்னால் ஓட்டியிருக்கிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்து எழுதிய விமர்சகரால் அது முடியாது. மனிதர்கள் மேலோட்டமாக இருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னதை நான் ஏற்காததும் இதனால்தான். முகத்தில் எல்லாம் இருக்கிறது, இரண்டாவது முறை தேட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் மெக்ரெடி பேசும்போது குளிரில் மூச்சு புகையாக வருகிறது, சைல்ட்ஸுக்கு வரவில்லை. அப்படியானால் சைல்ட்ஸ்தான் 'அது' என்கிறான் என் நண்பன். சரியா?
(வாசகர், பாளையங்கோட்டை)

கேசட் காலத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், நானும் நம்பியிருந்தேன். தெளிவான பிரதியில் பாருங்கள், சைல்ட்ஸ் வாயிலிருந்தும் மெல்லிய புகை வருவது தெரியும். வெளிச்சம் விழும் பக்கம்தான் வித்தியாசம். இன்னொன்று, படத்தின் நடுவில் பென்னிங்ஸ் பாதி மாறிய கைகளோடு பனியில் மண்டியிட்டு அலறுவார். அப்போது அவர் 'அது'. அவர் வாயிலிருந்து நன்றாகவே புகை வரும். ஆக, 'அது'வும் மூச்சு விடும். உங்கள் நண்பரிடம் பென்னிங்ஸ் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒரு துளி பட்டாலே தொற்றிவிடும் என்கிறார்கள். அப்புறம் கடைசியில் ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் வாங்கிக் குடிக்கிறாரே, எச்சில் பார்க்க வேண்டாமா?
(இல்லத்தரசி, கரூர்)

வந்த கடிதங்களிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் கடிதம்தான். இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எச்சில் என்ற சொல் என் மனதில் வந்ததே இல்லை. நமக்குச் சொம்பைத் தூக்கிக் குடி என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள், இருந்தும் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்துக்காக மறுபடி போட்டுப் பார்த்தேன். நடுவில் ஃபூக்ஸ் என்ற விஞ்ஞானி மெக்ரெடியிடம் சொல்வார்: சின்னத் துணுக்கு போதும், ஓர் உடம்பையே எடுத்துக்கொள்ளும், அதனால் அவரவர் சாப்பாட்டை அவரவரே செய்துகொள்ள வேண்டும், டப்பாவில் அடைத்ததை மட்டும் சாப்பிடுவது நல்லது என்று. அதைக் கேட்டுக்கொண்டவர் மெக்ரெடி. கடைசியில் விஸ்கி பாட்டிலை நீட்டுவதும் அதே மெக்ரெடி. சைல்ட்ஸ் தயங்காமல் வாங்கிக் குடிப்பார். மெக்ரெடி லேசாகச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குப் பார்த்தவர்கள் பல அர்த்தம் சொல்கிறார்கள். தொற்றுக்கு அஞ்சாமல் குடித்தாயே, நீ 'அது'தான் என்று கண்டுகொண்ட சிரிப்பு என்பது ஒன்று. பாட்டிலில் இருந்தது பெட்ரோல் என்பது இன்னொன்று. எனக்கு அது களைத்துப்போனவரின் சிரிப்பாகப் படுகிறது. முகாம் எரிகிறது, நெருப்பு அணைந்ததும் இரண்டு பேரும் விறைத்துச் சாகப்போகிறார்கள். படம் முழுக்க ஒருவரை ஒருவர் தொடக்கூடப் பயந்தவர்கள் கடைசியில் ஒரே பாட்டிலில் குடிக்கிறார்கள். எச்சில் பார்க்காமல் குடிப்பது நம் ஊரில் யாரோடு என்று உங்களுக்கே தெரியும்.

நானும் மகளும் வீட்டில் இருந்து பார்த்தோம். மகள் இங்கே பிறந்தவள். தொடங்கிய உடனேயே, "அப்பா, அந்த ஆள் முழுக் கதையையும் சொல்லிவிட்டார்" என்றாள். மற்றவர்களுக்கு இது தெரியுமா?
(ஈழத்து வாசகர், ஒஸ்லோ, நார்வே)

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் ஐயா. துப்பாக்கியோடு இறங்கும் நார்வேக்காரர், விலகிப் போங்கள், அது நாயில்லை, ஏதோ ஒரு 'வஸ்து', நாயைப் போல நடிக்கிறது என்றுதான் கத்துகிறார். கீழே வசனம் போடவில்லை. முகாமில் இருந்த யாருக்கும் அந்த மொழி தெரியாது, அவரைச் சுட்டுவிடுகிறார்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட மெக்ரெடிக்கு மனதில் நிற்கவில்லை, சுவீடன்காரர் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்ல வந்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் மகளுக்கு முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?
(வாசகி, ஈரோடு)

வேண்டாம். அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள்.

நிஜமாகவே அண்டார்டிகாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால் என்ன ஆவார்கள்?
(பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

வருடா வருடம் பார்க்கிறார்கள் ஐயா. தென்துருவத்திலேயே அமெரிக்காவின் அமுண்ட்சென்–ஸ்காட் நிலையம் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு சுமார் எட்டு மாதம் உள்ளே யாரும் வர முடியாது, வெளியே போகவும் முடியாது. மார்ச்சில் மறையும் சூரியன் ஆறு மாதம் கழித்துத்தான் உதிக்கும். குளிர்காலத்துக்குத் தங்குபவர்கள் நாற்பது பேர் போல இருப்பார்கள். விமானச் சத்தம் அடங்கியதும் அவர்கள் கூடி உட்கார்ந்து 'தி திங்' பார்ப்பது பல காலமாக நடக்கும் வழக்கம்.

அவர்களுக்கு அதுதான் வீடு. படத்தில் வருகிற மாதிரியே நடைபாதை, பொதுச் சாப்பாட்டு அறை, கதவுக்கு வெளியே வெறும் பனி. பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடுதான் அடுத்த எட்டு மாதமும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அதே சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும்.