பதில்: கிரீன் வேலியின் பெக்கான் தோப்புகளை நட்டவர்கள் ஸ்பானியர்களா?

வணக்கம் ஐயா. ஓய்வுபெற்று நீங்கள் குடியேறியுள்ள அரிசோனாவின் கிரீன் வேலியைப் பற்றிக் குடியிருப்புச் செய்திமடலுக்கு எழுதும் கட்டுரையில், அங்குள்ள பெக்கான் (வால்நட் போன்ற கொட்டை தரும் மரம்) தோப்புகளை ஸ்பானியர்கள் நட்டதாகக் குறிப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

ஸ்பானியர் காலத்தின் எச்சம் கால்நடைப் பண்ணைதான். உங்கள் பகுதியிலுள்ள கனோவா என்னும் பண்ணை நிலத்தை 1821-இல் ஓர்டிஸ் சகோதரர்கள் வாங்கினார்கள். 1912 முதல் மானிங் குடும்பம் அதைப் பெரும் மாட்டுப் பண்ணையாக வளர்த்தது. அதற்குச் சற்று வடக்கே, காண்டினென்டல் பகுதியில், முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு ரப்பர் நிறுவனம் குவாயூல் என்னும் பாலைவனச் செடியைப் பயிரிட்டது. போர் முடிந்து ரப்பர் விலை சரிந்ததும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அந்த நிலத்தை 1948-இல் வாங்கிய கீத் வால்டன் முதலில் பயிரிட்டது பருத்தியைத்தான். செயற்கை இழைகள் பருத்திச் சந்தையை விழுங்கிவிடும் என்று அஞ்சி, 1960-களின் நடுவில் அவர் பெக்கானுக்கு மாறினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் உங்கள் குடியிருப்பும் எழுந்தது. ஆகவே தோப்பும் ஊரும் ஒரே வயதினர். குளிர்காலத்தில் ஓர் இயந்திரம் அடிமரத்தைக் கவ்விச் சில நொடிகள் உலுக்க, கொட்டைகள் மழைபோல் உதிர்வதை நீங்களே பார்க்கலாம்.

நிலத்தடி நீரையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாந்தா குரூஸ் ஆற்றுப்படுகையின் அடியிலுள்ள அதே நீரைத்தான் தோப்பும், அருகிலுள்ள செம்புச் சுரங்கமும், உங்கள் வீட்டுக் குழாயும் பகிர்ந்துகொள்கின்றன.