வாய்ப்பாடு வருது, மீதிக் காசு வரலையே!

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். கடைக்கு அனுப்பினால் மீதி எவ்வளவு வாங்கணும் என்று தெரியாமல் முழிக்கிறான். பின்னம் என்றாலே அழுகைதான். அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுங்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சேர்த்தால் தப்பில்லைங்க. ஆனால் அவனுக்குக் குறைவது வேகம் இல்லையே! நோட்டுக்கு வெளியே கணக்கு அவன் கையில் வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். ஐம்பது ரூபாயை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். விலைப் பலகையில் தக்காளி கிலோ 26, சின்ன வெங்காயம் 44 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோ தக்காளி, கால் கிலோ வெங்காயம். 44இல் பாதி 22, அதில் பாதி 11. ஆக மொத்தம் 37. மீதிக்கு, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கடன் வாங்கிக் கழிக்க வேண்டாம். மனசுக்குள் அது சிக்கிக்கொள்ளும். 37க்கு மேல் மூணு போட்டால் 40, இன்னொரு பத்து போட்டால் 50. மீதி 13. பழைய மளிகைக் கடைக்காரர்கள் சில்லறையை எண்ணி வைப்பதே இப்படித்தான்.

பின்னத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு போதும். ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுவீர்களா? அப்புச்சியும் அம்மாயியும் வருகிற அன்றைக்கு மூணு டம்ளர் அரிசி. "பருப்பு எவ்வளவுன்னு நீயே அளந்து போடு கண்ணு" என்று தள்ளி நின்றுகொள்ளுங்கள். ஒரு டம்ளருக்குக் கால் என்பது பிடிபட்டால் முக்கால் தானாக வரும். பிடிபடாமல் முழு டம்ளர் போட்டுவிட்டானா, அப்படியே வேகட்டும். சோறு கொஞ்சம் பருப்பு தூக்கலாக இருக்கும், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சாப்பிட்ட பிறகு ரெண்டு பேருமாக டம்ளரை வைத்து அளந்து பாருங்கள்.

சாயங்காலம் தாயம், பல்லாங்குழி எது ஆடினாலும் நல்லதுதான். செல்போனில் கணக்கு விளையாட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லணும். வண்டியில் போகும்போது, சொந்தக்காரர்கள் முன்னால், "ஒன்பதேழு எத்தனை, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். அழுகை பாதி அதனால்கூட இருக்கலாம். சந்தையிலும் அடுப்படியிலும் அவனுக்கு வேலை கொடுங்கள், பரீட்சை வைக்காதீர்கள்.

பள்ளிப் பரீட்சையில் கடன் வாங்கும் முறையில்தான் எழுதணும். அதை விட வேண்டாம். விடை வந்ததும் மேலே சொன்ன மாதிரி கூட்டிச் சரிபார்க்கட்டும். அபாகஸைப் பற்றி முழுப் பரீட்சை லீவில் யோசித்துக்கொள்ளலாம்.