சைக்கிளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். சைக்கிள் கழுவக் கீழே குழாய் கிடையாது. பால்கனியில் கழுவினால் கீழ்வீட்டுக் கொடித்துணியில் அழுக்குத் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: சைக்கிள் மேல் தண்ணீரைக் கொட்டவே வேண்டாம். இடவசதி இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வோம். குழாயைப் பிடித்துப் பீய்ச்சினால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து ஆகியவற்றுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். சில மாதங்களில் உள்ளே பால்ரஸ் குண்டுகள் துருப்பிடித்து, சக்கரம் கரகரவென்று சுற்றும்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைத் தரையில் விரித்து, ஓரங்களைச் சற்று மேலே மடித்துவிடுங்கள். செய்தித்தாள் நனைந்ததும் கிழிந்துவிடும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாலே போதும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் சக்கரம் அசையாமல் செயின் மட்டும் ஓடும். தலைகீழாகக் கவிழ்க்க வேண்டாம்; ஆயில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் ஆயில் குழாய்க்குள் காற்று போய் பிரேக் தொளதொளத்துவிடும்.

முதலில் செயின். அதுதான் மிகவும் அழுக்கு. கடைசியில் தொட்டால் துடைத்த இடமெல்லாம் மறுபடி கறுப்பாகும். உலர்ந்த பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் இருபது சுற்று சுற்றுங்கள். பாதி அழுக்கு இதிலேயே வந்துவிடும். பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் செயினின் நான்கு பக்கமும் தேய்க்க வேண்டும். பின்சக்கரப் பற்களுக்கு நடுவே இறுகியிருக்கும் களிம்பை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, துணியை நாடாவாகக் கிழித்து இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். சோப்புக்கு அசையாத பிசுக்கு என்றால் மட்டும் மண்ணெண்ணெய், அதுவும் 50 மில்லிக்கு மேல் வேண்டாம். அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்க வேண்டும். பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதன் ஆவி தரையோடு பரவித் தொலைவில் இருக்கும் நெருப்பைக்கூடப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து பிரேம். ஒரு வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு டீஸ்பூன் ஷாம்பூ. துணியை நன்றாகப் பிழிந்து, சீட்டில் தொடங்கிக் கீழ்நோக்கித் துடையுங்கள். சொட்டாத அளவு பிழிந்துவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்கு எந்தத் தொந்தரவும் இராது. செயினில் இருக்கும் சோப்பையும் தனியாக ஒரு ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். துணி துவைக்கும் சோடா, கழிப்பறை கழுவும் ஆசிட் இரண்டும் அலுமினிய ரிம்மை அரித்துவிடும், தொடாதீர்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் மணலோ உலோகத் துகளோ பதிந்திருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ரிம் கீறப்படும்.

செயின் முழுக்க உலர்ந்த பிறகே எண்ணெய். அவசரப்பட்டால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரே ஒரு சொட்டு. மொத்தச் செயினுக்கும் ஐந்து மில்லிகூட ஆகாது. பெடலைச் சுற்றி எண்ணெயை உள்ளே இறங்கவிட்டு, முடிந்தால் இரவு முழுவதும் விட்டு, காலையில் வெளிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எண்ணெய்க்கு வேலை உருளைக்கும் அதனுள் செல்லும் ஊசிக்கும் நடுவில்தான். வெளியே மினுமினுப்பாக இருப்பது தூசியை இழுத்து அரைக்கும் பசையாக மாறிவிடும்.

மிஞ்சிய மண்ணெண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் மூடி வையுங்கள். இரண்டு நாளில் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுமுறை பயன்படுத்தலாம்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். குளிர்ந்தால் கெட்டியாக உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. ஆனால் மெல்லியது, சீக்கிரம் வற்றிவிடும், வாரம் ஒருமுறை போட வேண்டியிருக்கும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். சைக்கிளை பிளாஸ்டிக் உறை போட்டு மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் துருப்பிடிக்கிறதே?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: துருவுக்கு அந்த உறையும் ஒரு காரணம். உப்புப் படலம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. பழைய பருத்திப் படுக்கை விரிப்பால் மூடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடையுங்கள். ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடம், ஹேண்டில்பார் போல்ட்டு, இந்த இரண்டிலும்தான் துரு முதலில் தலைகாட்டும். குரோம் பாகத்தில் லேசான துரு என்றால், அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பெயின்ட் அடித்த இடத்தில் இதைச் செய்ய வேண்டாம், கீறல் விழும்.

கேள்வி: செயினுக்கு ஸ்ப்ரே ஆயில் அடித்ததிலிருந்து டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது. பிடிமானமும் குறைவு.
– வாசகர், கோவை

பதில்: ஸ்ப்ரேயின் சாரல் டிஸ்க்கில் பட்டிருக்கும். பிடிமானம் திரும்பும்வரை அந்த வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கின் இரு பக்கமும் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் இதற்கு உதவாது. அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடு எண்ணெயை உறிஞ்சிவிட்டிருந்தால் மாற்றுவதுதான் வழி. இனிமேல் டிஸ்க் உள்ள வண்டிக்குச் சொட்டு பாட்டிலே வாங்குங்கள்.

கேள்வி: கியர் சைக்கிள். சுத்தம் செய்து எண்ணெய் போட்ட பிறகும் ஏறி மிதித்தால் செயின் வழுக்குகிறது.
– மாணவர், மதுரை

பதில்: செயின் தேய்ந்திருக்கலாம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: ஓர் ஊசியின் நடுவிலிருந்து அளந்தால், 24 ஊசி தள்ளி இருப்பதன் நடு, புதுச் செயினில் சரியாக 12 இஞ்சில் வரும். 1/16 இஞ்ச் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 இஞ்ச் கூடிவிட்டதென்றால் பின்பற்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயினும் வழுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.