கேட்டவை, சொன்னவை: நோட்டா, 432, அத்திரம்பாக்கம்

கேள்வி: நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் நடக்கும், நின்றவர்கள் யாரும் மறுபடி நிற்க முடியாது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். 2024-ல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது. அங்கே அது பெற்றது இரண்டாம் இடம். முதலிடமே வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

டெபாசிட் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் டெபாசிட் இழப்பார். அந்தச் செல்லத்தக்க ஓட்டில் நோட்டா சேராது. விழுந்தது 1,80,000, அதில் நோட்டா 12,000 என்றால் கணக்கு 1,68,000-க்குத்தான். ஆறில் ஒரு பங்கு 28,000. ஆகவே 29,000 வாங்கியவருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும். நோட்டாவையும் சேர்த்திருந்தால் எல்லை 30,000 ஆகி, அவர் இழந்திருப்பார். தோற்கும் வேட்பாளருக்கு நோட்டா இப்படி உதவுவதும் உண்டு.

அப்படியானால் அது எதற்கு? ரகசியத்துக்கு. முன்பு 49-ஓ விதிப்படி ஓட்டுப்போட விருப்பமில்லை என்றால், அலுவலர் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்குவார். பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று, இயந்திரத்திலேயே தனிப் பொத்தான் வைக்கச் சொன்னது.

கேள்வி: 440 மனத்தைக் கெடுக்குமாம், 432தான் இயற்கைச் சுருதியாம். 5 கட்டையில் பாடும் மகளின் தம்புரா ஆப்பை மாற்றலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 440 என்பது கீபோர்டில் 'ஏ' என்ற கட்டை நொடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்ற ஒப்பந்தம், அவ்வளவுதான். 1859-ல் பிரான்ஸ் 435 என்று சட்டம் போட்டது. 1939-ல் லண்டன் மாநாடு 440 என்றது. நொடி என்பதே மனிதன் வகுத்த அளவு. அதை வைத்து எண்ணிய ஓர் எண்ணுக்கு மட்டும் இயற்கையின் முத்திரை எப்படி வரும்? நம் சங்கீதத்துக்கோ நிலையான சுருதியே கிடையாது. பாடுபவரின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சட்ஜம்.

440-க்கும் 432-க்கும் இடையில் 32 சென்ட் வித்தியாசம். ஒன்றிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போகும் தூரம் 100 சென்ட் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆப்பில் ஃபைன் டியூனை 32 சென்ட் இறக்கினால் 432 கணக்கு வந்துவிடும். மகள் தனியாகப் பாடினால் தாராளமாக இறக்கலாம். கூடவே 440-ல் கீபோர்டு ஒலித்தால்தான் தொல்லை. 5 கட்டை சட்ஜம் ஒன்றில் 196, மற்றதில் 192.4 என்று நிற்கும். நொடிக்கு மூன்று நான்கு முறை 'வங் வங்' என்று அலையடிக்கும். அதற்கு நடுவே தினமும் பாடும் குழந்தைக்குச் சுருதி சேருவதே பிடிபடாது, அதுதான் உண்மையான கெடுதல். வயலினை இறக்கலாம், கீபோர்டிலும் டியூனிங் அமைப்பு இருக்கும். ஆர்மோனியம் அப்படியல்ல. பித்தளை நாக்கின் அடியைச் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியைச் சுரண்டினால் ஏறும். எண் மோகத்துக்காக ஒரு பெட்டி முழுவதையும் சுரண்ட வேண்டாம், நாக்கு மெலிந்து உடையும்.

432 இனிக்கிறதா என்று காதாலேயே சோதிக்கலாம். ஒரே பாட்டை இரண்டு சுருதியிலும், ஒரே சத்த அளவில், எது எதென்று சொல்லாமல் பத்து முறை ஒருவர் போடட்டும். சத்தம் கூடினாலே இனிமையாகத் தோன்றும் என்பதால் அந்த அளவு முக்கியம். எது 432 என்று நீங்கள் சொல்வதில் பத்துக்கு ஐந்தாறு சரியாக வருவது குருட்டாம்போக்கிலும் வரும்.

கேள்வி: எங்கள் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக் கல் கருவி கிடைத்ததால் முதல் மனிதன் தமிழன் என்கிறார் நண்பர். இன்னொருவர், குரங்கிலிருந்து வந்தோமென்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்கிறார். (வாசகர், திருவள்ளூர்)

பதில்: இரண்டாமவருக்கு முதலில். சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளை பிரிந்தது. பெரியப்பா பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் தாத்தாவுக்குப் பேரன் இல்லையென்று ஆகுமா? சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், சாதாரணமாக முனையில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. எழுத்து வரிசை எதிரெதிராக ஒட்டிக் கிடக்கிறது. பழைய இரண்டு ஒட்டி ஒன்றான தையல் அது.

அத்திரம்பாக்கத்துக் காலம் துல்லியமாக அளந்தது, பெருமைப்படலாம். திறந்தவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று காலப்போக்கில் சிதையும் இரண்டு அணுவகைகள் ஏறக்குறைய 7-க்கு 1 என்ற விகிதத்தில் உருவாகும். கல் ஆழமாகப் புதைந்தால் புதிதாக உருவாவது நிற்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியத்துக்கு சுமார் 14 லட்சம். அதனால் விகிதம் குறைந்துகொண்டே வரும். அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே புதைந்த காலம். கல் ஆழமில்லாமல் கிடந்திருந்தால் கதிர் தொடர்ந்து பட்டு, வயது குறைவாகக் காட்டிவிடும். மண்ணடுக்கில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் தனியாகச் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால் அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்பு மொராக்கோவில், சுமார் 3 லட்சம் ஆண்டு. அங்கே கிடைத்த கல் கைக்கோடாரியைச் செய்தது நமக்கு முந்திய வேறொரு மனித இனம். அதன் வாயில் எந்த மொழியையும் வைக்க முடியாது, தமிழானாலும் சரி.

உங்கள் பக்கத்து ஓடைகளில் இப்படிக் கற்கள் தென்படலாம். உருண்ட கூழாங்கல்லுக்கும் கருவிக்கும் வித்தியாசம், சில்லு பெயர்ந்த தழும்பு: அடி விழுந்த இடத்துக்குக் கீழே குழிவு, அதிலிருந்து பரவும் மெல்லிய அலைக்கோடு, இரண்டு முகத்திலும். அப்படிக் கண்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால், அந்தக் கல்லுக்கு வயது சொல்ல யாராலும் முடியாது.